வீதி உயர்ந்தது, வாசல் தாழ்ந்தது: திருகோணமலையின் பழைய குடியிருப்புகளும் மாறும் காலநிலையும்

திருகோணமலை நகரின் பழைய ஒழுங்கைகளில் ஒரு வீட்டின் வயதை அறிய அதன் காணி உறுதியைப் புரட்ட வேண்டியதில்லை. வாசற்படிகளை எண்ணினாலே போதும். ஒரு காலத்தில் வீதியிலிருந்து இரண்டு மூன்று படிகள் ஏறிப் போக வேண்டியிருந்த திண்ணை இன்று வீதியின் மட்டத்துக்கு வந்துவிட்டது. சில வீடுகளுக்குள் ஒரு படி இறங்கித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. வீடு தாழவில்லை. கிரவல் வீதியின் மேல் தாரும், தாரின் மேல் கொங்கிறீற்றும் ஒவ்வொரு திட்டத்தின்போதும் ஏறிக்கொண்டே வந்ததால் வீதி உயர்ந்துவிட்டது. மாரி மழைக்கு வீதியில் விழுந்த நீர் முன்பு அது வடிந்தோடும் கானைத் தேடிப் போனது. இப்போது வாசலைத் தேடி வருகிறது.

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது நம்மவர் பெரும்பாலும் கடலையும் வானத்தையுமே பார்க்கிறார்கள். ஆனால் பெருந்தெருவிலோ மனையாவெளியிலோ திருக்கடலூரிலோ ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குள் நீர் வருவதற்கு, வானம் எவ்வளவு பொழிந்தது என்பது ஒரு காரணம் என்றால், அந்த நீர் போகும் வழியை நாம் என்ன செய்தோம் என்பது மற்றொரு காரணம். முதலாவது காரணத்தில் ஓர் ஒழுங்கையால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இரண்டாவதில் அதனால் செய்யக்கூடியது வியக்கத்தக்க அளவுக்கு அதிகம். ஆனால் அதை ஒரு வீடு தனியே செய்ய முடியாது, ஒரு திணைக்களமும் தனியே செய்துவிடாது. பழைய குடியிருப்புகளைப் பொறுத்தவரை, வீட்டுக்கும் நகரத்துக்கும் இடையில் இருக்கும் அந்த ஒழுங்கை என்ற அளவுதான் காலநிலைக்கு முகங்கொடுப்பதற்கு ஏற்ற அளவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நகரின் அமைப்பைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் பின்வளைகுடாவும் டச்சுக் குடாவும். இடையில் ஒடுங்கிய நிலத்தில் பழைய பட்டினம் நெருங்கி அமர்ந்திருக்கிறது. உவர்மலை போன்ற மேட்டு நிலங்களிலிருந்து இறங்கும் மழைநீர் இந்தத் தாழ்ந்த பகுதிகளைக் கடந்துதான் கடலை அடைய வேண்டும். ஊர்ப் பெயர்களே இதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வடக்கே உப்புவெளி, நிலாவெளி, நகருக்குள் மனையாவெளி, மேற்கே பாலையூற்று, அதற்கப்பால் கன்னியாவின் வெந்நீரூற்றுகள். வெளி என்றால் திறந்து கிடந்த தாழ்நிலம். ஊற்று என்றால் நிலத்தடி நீர் மேலே வந்து நின்ற இடம். பெயர் வைத்தவர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். பின்னால் வந்த நாம் பெயரை வைத்துக்கொண்டு நிலத்தை மறந்துவிட்டோம்.

இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இதில் பாதிக்கும் மேற்பட்டது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களுக்குள் வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. பின்னர் மாசி, பங்குனியில் வானம் வெளுத்து, வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று அனலாக வீசும். பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடுவது அப்போது செய்தியே அல்ல. ஆகவே இந்நகரம் ஒரே ஆண்டில் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தயாராக இருக்க வேண்டிய நகரம். வளிமண்டலம் ஒரு பாகை வெப்பமடைந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்க முடியும் என்பது இயற்பியல். அதன் விளைவு, பெய்யும்போது இன்னும் ஓங்கிப் பெய்கிறது, காயும்போது இன்னும் விரைந்து காய்கிறது. உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்றிமீற்றர் உயர்ந்திருக்கிறது. கானின் கடைவாய் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே மட்டுமே திறக்கும் ஓரிடத்தில் 20 சென்றிமீற்றர் என்பது சிறிய எண் அல்ல.

சூறாவளிகளும் இந்நகருக்குப் புதியவை அல்ல. 1964 டிசெம்பரில் இலங்கையின் வடகிழக்கைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த புயலை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. அஞ்சிய அளவுக்குச் சேதம் நேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா அவ்வாறு விட்டுவைக்கவில்லை. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. இம்மாவட்டத்தில் மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. நகரத்தவர் அதை அயலூரின் துயரமாகப் பார்த்திருக்கக்கூடும். ஆனால் நகரம் குடிப்பது ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கந்தளாய்க் குளத்து நீரை என்பதையும், அந்தக் குழாயும் அந்த வீதியும் ஒரே நாளில் துண்டிக்கப்படக்கூடும் என்பதையும் அந்த வாரம் பலருக்கு நினைவூட்டியது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கு 2007இல் கொண்டுவரப்பட்ட 36ஆம் இலக்கத் திருத்தம், நகரப் பகுதிகளில் கட்டப்படும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஏற்படுத்தியது. நல்ல சட்டம். ஆனால் கட்டட வரைபடம் அனுமதிக்குப் போகும்போதுதான் இத்தகைய விதிகள் உயிர் பெறுகின்றன. ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டு, எந்த அனுமதிக்கும் இனிப் போக வேண்டியிராத வீட்டை அவை தொடுவதில்லை. நகரத்தின் பெரும்பகுதியோ அத்தகைய வீடுகளாகவே இருக்கிறது. புதிய குடியேற்றத் திட்டங்களுக்கு வடிகால் வரைபடம் வருகிறது, உல்லாச விடுதிக்குச் சுற்றாடல் அனுமதி தேவைப்படுகிறது. பழைய ஒழுங்கைக்கு எந்தக் கோப்பும் இல்லை. அதனால் அங்கே நடக்க வேண்டியது யாருடைய கட்டாயத்திலும் நடக்காது. இருப்பவர்கள் கூடிச் செய்தால்தான் உண்டு.

சரி, கூடி என்ன செய்வது? தண்ணீரின் கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் பல முயற்சிகள் இந்தக் கணக்கைப் போடாததால்தான் ஏமாற்றத்தில் முடிகின்றன. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், 10,000 லீற்றர். நாற்பது வீடுகள் உள்ள ஓர் ஒழுங்கையில் கூரைகளிலிருந்து மட்டும் 400,000 லீற்றர். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்று இலவசமாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அந்தத் தாங்கி முதல் 10 மில்லிமீற்றரிலேயே நிரம்பிவிடும். மிகுதி 90 மில்லிமீற்றரும் பீலியால் வழிந்து, பழையபடி வீதிக்கே போகும். ஆகவே தாங்கி வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்லி அதைப் பகிர்ந்தளிப்பவர் கணக்குத் தவறாகச் சொல்கிறார். தாங்கியின் பயன் வேறு: குழாய்நீர் நின்றுபோகும் நாளில் சமையலுக்கும் கழுவலுக்கும் கையிருப்பு. அதுவும் சிறிய பயன் அல்ல.

வெள்ளத்தைக் குறைப்பது தாங்கி அல்ல, மண். நகரின் கரையோரப் பகுதிகள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. அந்த மணல் நீரை உறிஞ்சும் வேகம் எந்தக் கானையும் விஞ்சும், நாம் அதை மூடாமல் இருந்தால். கடந்த இருபது ஆண்டுகளில் வளவு முழுவதையும் சீமெந்தால் பூசுவதும், இன்ரலொக் கல் பதிப்பதும் வசதியின் அடையாளமாகிவிட்டன. கூட்டிப் பெருக்க எளிது, கால் மண்ணாகாது, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பாராட்டுவர். ஆனால் ஒவ்வொரு வளவும் தன் மழையை வீதிக்குத் தள்ளும்போது, வீதி அதை மிகத் தாழ்ந்த வீட்டுக்குத் தள்ளுகிறது. அந்தத் தாழ்ந்த வீடு வழமையாக அந்த ஒழுங்கையின் மிக வறிய வீடாகவே இருக்கும். இதைக் குற்றமாகச் சொல்வதால் பயனில்லை. யாரும் அயலவரை மூழ்கடிக்க எண்ணிக் கல் பதிப்பதில்லை. கூரையின் பீலிக்குழாய் இறங்கும் இடத்தில் மூன்றடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, உள்ளே உடைகல்லும் மணலும் இட்ட ஓர் ஊறுகுழியை அமைப்பது ஒரு மேசனுக்கு ஒரு நாள் வேலை. நாற்பது வீட்டில் முப்பது வீடு அதைச் செய்தால் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரருக்கு அதன் பயன் தெரியும். மூன்று வீடு மட்டும் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கூட்டாகச் செய்ய வேண்டும் என்பது இங்கே நல்லொழுக்கப் போதனை அல்ல. வெறும் கூட்டல் கணக்கு.

மண்ணுக்குள் போகும் இந்த நீர் மற்றொரு வேலையையும் செய்கிறது. கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அந்தச் சிறு வேறுபாட்டினால், நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட விதி. இதையே திருப்பிப் படித்தால் அதன் பயங்கரம் விளங்கும். மோட்டார் பம்பிகளால் இழுத்து மேல்மட்டத்தை அரையடி குறைத்தால், கீழிருந்து உவர்நீர் 20 அடி ஏறத் தொடங்கும். ஆனி, ஆடியில் கிணற்று நீர் கரிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காண்பது இந்த ஏற்றத்தைத்தான். மாரியில் மண்ணுக்குள் இறக்கிய மழை அந்த வில்லையைத் தடிப்பாக்குகிறது. ஒருவர் இறக்கிய நீரை அடுத்த வீட்டுக்காரர் இறைப்பார் என்பது உண்மைதான். அவர் இறக்கியதை இவர் இறைப்பார் என்பதும் அதே அளவு உண்மை.

கிணறு என்றதும் மலசலகூடக் குழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடியாவது இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது வழக்கம். பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து நாலு பேர்ச், ஆறு பேர்ச்சாகிவிட்ட வளவில் அந்த ஐம்பதடிக்குள் மூன்று வீட்டுக் குழிகள் இருக்கும். வெள்ளம் நின்று வடிந்த கிணற்றைக் குளோரின் இட்டு இறைத்துச் சுத்தம் செய்யாமல் குடிக்கப் பயன்படுத்தக் கூடாது. ஒழுங்கைக்கு ஒன்றோ இரண்டோ கிணறுகளைத் தேர்ந்து, அவற்றின் கட்டை உயர்த்தி, குழிகளிலிருந்து தள்ளியிருப்பதை உறுதி செய்து, அனர்த்த காலத்துக்கான பொதுக் கிணறுகளாகப் பேணுவதே எல்லாக் கிணறுகளையும் காப்பாற்ற முனைவதைவிட நடைமுறைக்கு உகந்தது.

கானுக்கு வருவோம். ஒழுங்கையின் கான் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது. அது சேரும் பெரிய வீதியின் கான், வீதியின் தரத்தைப் பொறுத்து மாகாணத்துக்கோ வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கோ உரியது. கடற்கரையை அடையும் இடத்தில் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் வருகிறது; உள்துறைமுகப் பக்கம் போனால் துறைமுக அதிகாரசபையின் நிலம் வருகிறது. அரை மைல் ஓடுவதற்குள் ஒரு துளி மழை மூன்று நான்கு நிறுவனங்களின் எல்லையைக் கடக்கிறது. அடைப்பு எந்த எல்லையில் என்பதைக் காட்டும் வரைபடம் குடியிருப்பாளர் கையில் இருப்பதில்லை. அவர்கள் கைக்கு எட்டிய அலுவலகத்தில் முறையிடுவார்கள். அந்த அலுவலகம் அது தன்னுடையதல்ல என்று உண்மையாகவே பதில் சொல்லும். இந்த இடத்தில் ஒழுங்கைக் குழு ஒன்றால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை மண்வெட்டி பிடிப்பது அல்ல. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கானோடு கடல் வரைக்கும் நடப்பது. எங்கே நீர் தயங்குகிறது, எந்த மதகின் வாய் மண்ணேறியிருக்கிறது, எவருடைய மதில் கானின் மேல் ஏறியிருக்கிறது, கடைவாயை மணல் எப்போது மூடுகிறது என்பதைப் படத்தோடும் திகதியோடும் ஒரு தாளில் குறித்து, உரிய நிறுவனத்துக்கு உரிய அடைப்பைப் பிரித்துக் கொடுத்தால், அது முறைப்பாடு என்ற நிலையிலிருந்து வேலைப் பட்டியல் என்ற நிலைக்கு உயர்ந்துவிடும். கிராம உத்தியோகத்தர் வழியாகப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அது போகுமானால் இன்னும் நல்லது.

கானை அடைப்பது மண் மட்டுமல்ல என்பதை யாரும் அறிவர். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும், சோற்றுப் பார்சலுக்கான லஞ்ச் சீற்றும், ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டன. கடைத்தெருவுக்குப் போனவர்கள் தடையின் நிலைமையை அறிவார்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது சமையலறைக் கழிவு. அது வளவிலேயே உரமாகிவிட்டால் குப்பை அள்ள வரும் உழவு இயந்திரத்தில் ஏற வேண்டியது பாதியாகும், எஞ்சுவது உலர்ந்ததாக இருப்பதால் பையைக் கிழித்துக் கானுக்குள் இழுக்க நாய்க்கும் காகத்துக்கும் காரணமிராது. நம் நகரத்தில் இந்தப் பட்டியலில் மானையும் சேர்க்க வேண்டும். கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் உலவும் புள்ளிமான்கள் குப்பையோடு பொலித்தீனையும் தின்பதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. சுற்றுலாப் பயணிகள்தான் அதிர்ச்சியடைகிறார்கள்.

வெப்பத்தின் கதை வேறு. வெள்ளம் ஆண்டில் சில நாள். வெயில் ஆண்டில் பல மாதம். இந்த விடயத்தில் பழைய வீடுகள் புதியவற்றைவிட மோசமானவை அல்ல, பல வகையில் மேலானவை. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, வெயில் சுவரில் நேரே படாமல் தடுக்கும் தாழ்வாரம், இரு பக்கமும் திறந்து கடற்காற்றை ஊடே விடும் கதவுகள் எல்லாம் மின்சாரம் இல்லாத காலத்தில் கச்சானுக்கு முகங்கொடுக்கக் கண்டுபிடித்தவை. ஓடு உடைய உடைய அஸ்பெஸ்டஸ் சீற்றும் தகரமும் ஏறின. தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கினோம். சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்து பூசினோம். இந்தக் கடைசி வேலை பார்வைக்குப் பலமாகத் தோன்றினாலும் சுவருக்குத் தீங்கு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் தன்மையது. சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே பூட்டிவைக்க, கடற்காற்றின் உப்பு சுவருக்குள் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிடத் திருத்தி வைத்திருப்பது சூழலுக்கும் நல்லது, ஏனென்றால் சீமெந்து உற்பத்தி பெருமளவு கரியமிலவாயுவை வெளியிடும் தொழில். அதற்கு வேண்டியது சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார். அவர்கள் அருகி வருகிறார்கள். ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்து ஒரே பருவத்தில் வேலை கொடுத்தால் அந்தக் கை ஓய்ந்துபோகாது, கூடவே ஓர் இளைஞனும் பழகிக்கொள்வான்.

தகரக் கூரைக்கு வெள்ளை பூசுவது மலிவான, உடனே உணரக்கூடிய மாற்றம். வெயிலில் பெரும்பகுதியை வெள்ளைப் பரப்புத் திருப்பியனுப்பிவிடும். அஸ்பெஸ்டஸ் கூரையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: பாசியை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான நுண்ணிழைகளைக் காற்றில் கலக்கும். சூரிய மின்கலம் பொருத்த வசதியுள்ளவர்கள் பொருத்திவருகிறார்கள். பழைய கூரைகள் அந்தப் பாரத்தையும் வாடைக் காற்றின் இழுவையையும் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் இங்கே சொல்ல அதிகமில்லை.

மரம் நடுவது எல்லாரும் விரும்பும் வேலை, எல்லாரும் தோற்கும் வேலையும் அதுவே. ஜூன் மாதத்துச் சுற்றாடல் தினத்தில், கச்சான் உச்சத்தில் வீசும்போது கன்று நடுகிறோம். அது ஆடிக்குள் காய்ந்துவிடுகிறது. இந்நகரத்தில் மரம் நட வேண்டிய நாள் ஐப்பசியின் முதல் மழைக்குப் பின்; அரசாங்க நாட்காட்டி என்ன சொன்னாலும் மண் அதைத்தான் சொல்கிறது. தப்பிய கன்றை ஆடும் மாடும் மானும் கடிக்கும், ஆகவே கூடு வேண்டும். பழைய ரயரைச் சுற்றிவைத்தால் அதில் நீர் தேங்கி நுளம்பு பெருகும், ஆகவே கம்பாலோ கம்பிவலையாலோதான் கூடு கட்ட வேண்டும். வேம்பு, பூவரசு, புங்கு போன்றவை உப்புக் காற்றுக்கும் வறட்சிக்கும் நின்றுபிடிப்பவை. நூறு கன்று நட்டுப் படமெடுப்பதைவிட, ஐந்து கன்றுக்கு ஐந்து வீட்டார் பெயரைச் சொல்லி இரண்டு கோடை நீரூற்றுவது மேல். கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் போதும்.

நுளம்பைச் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தின் கிண்ணியா பட்ட பாட்டை மறந்தவர் இருக்க மாட்டார். வெப்பம் கூடினால் நுளம்பின் வளர்ச்சி விரைவுபடுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் பருவம் வரைக்கும் ஏழு முதல் பத்து நாள். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்குள்ளேயே அது வாழ்ந்து முடிகிறது. இதன் பொருள், உங்களைக் கடிக்கும் நுளம்பு உங்கள் ஒழுங்கையில் பிறந்தது. மூடி வலை இல்லாத மழைநீர்த் தாங்கியும், தூர்ந்த ஊறுகுழியும், பூட்டிக் கிடக்கும் வளவின் பாழ்கிணறும் காலநிலைக்கான ஏற்பாட்டையே நோய்க்கான ஏற்பாடாக மாற்றிவிடும். வாரம் ஒரு முறை எல்லா வீடும் ஒரே நாளில் நீர்ப்பாத்திரங்களைக் கவிழ்ப்பது என்ற சிறிய ஒழுங்கு எந்தப் புகை அடிப்பையும்விடப் பலன் தரும்.

பூட்டிக் கிடக்கும் வளவுகள் இந்நகரத்தின் தனிச் சிக்கல். 1983இலும் 1990இலும் நேர்ந்த இடப்பெயர்வுகளும் பின்னர் நிகழ்ந்த புலப்பெயர்வும் பழைய ஒழுங்கைகளில் பல்லிடைவெளிகள் போல வெற்று வளவுகளை விட்டுச் சென்றிருக்கின்றன. உரிமையாளர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்; சில வேளை உரிமை மூன்று சகோதரர்களுக்கிடையே தீராத வழக்காக இருக்கும். அவரைத் தேடிப் பிடித்து, கிணற்றை மூடவும் பற்றையை வெட்டவும் ஒப்புதல் பெறுவது அலுவலகக் கடிதத்தால் ஆவதைவிட, அவரோடு படித்த அயலவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பால் எளிதில் ஆகும். சிலர் அந்த வளவை மழைநீர் ஊறும் வெளியாக ஒழுங்கைக்கு விட்டுக்கொடுக்கவும் கூடும். வெற்று வளவு சிக்கல் மட்டுமல்ல, நெருங்கிய குடியிருப்பில் எஞ்சியிருக்கும் ஒரே திறந்த மண்ணும் அதுவே.

இவ்வளவையும் யார் கூட்டுவது? புதிதாக ஒரு குழுவைத் தொடங்கிப் பெயர்ப்பலகை வைப்பது தேவையற்றது. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது, எவரும் உத்தரவிடாமலே ஒவ்வொரு தெருவும் தன்னைக் கூட்டிப் பெருக்கி, நீர் தெளித்து, நிறைகுடம் வைத்துக் காத்திருக்கிறது; யார் தோரணம் கட்டுவது, யார் மோர் கரைப்பது என்பது பேசாமலே தெரியும். மரணவீடு ஒன்று நேர்ந்தால் மரண உதவிச் சங்கம் ஒரு மணி நேரத்தில் கொட்டகையும் கதிரையும் காசும் கொண்டுவருகிறது. அதன் கையில் வீட்டுக்கு வீடு அங்கத்தவர் பட்டியலும், மாதச் சந்தாப் புத்தகமும், கணக்கில் தவறினால் கேட்கும் உரிமையும் இருக்கின்றன. காலநிலைக்கு முகங்கொடுக்க வேண்டிய அமைப்புக்குத் தேவையானவையும் இவையே. பள்ளிவாசல் நிர்வாகம், தேவாலயப் பங்குச் சபை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நகரத்தில் கான் சமயம் பார்த்து ஓடுவதில்லை. ஒரு தெருவின் சங்கம் தன் கானைத் துப்புரவாக்கி அடுத்த தெருவின் தலையில் நீரை இறக்கினால், அது பழைய மனக்கசப்புகளுக்கு உரமாகவும் கூடும். மேல்தெருவும் கீழ்த்தெருவும் சேர்ந்து உட்காராமல் வடிகால் வேலையைத் தொடங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எச்சரிக்கையைப் பற்றியும் ஒன்று. 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் கிராம மட்டக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பல இடங்களில் அவை தாளில் இருக்கின்றன. டித்வா வேளையில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. மொழி உரிமையைக் கேட்டுப் பெற வேண்டியது ஒரு பக்கம்; அது கிடைக்கும்வரை ஒழுங்கையில் செய்தியைப் படித்துச் சொல்ல ஒருவரும், கோவிலிலோ பள்ளிவாசலிலோ ஒலிபெருக்கியைத் திறக்க ஒருவரும், எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள் என்ற பட்டியலும் இருக்க வேண்டும். ஆண்கள் கடலில் இருக்கும் திருக்கடலூர் போன்ற இடங்களில் அந்தப் பட்டியல் பெண்கள் கையில் இருப்பதே பொருத்தம். எச்சரிக்கை வரும்போது வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மக்களே கூடிச் செய்துகொள்வார்கள் என்றால், வரி வாங்கும் மன்றங்களும் திட்டம் வகுக்கும் அதிகாரசபைகளும் எதற்கு? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கடைவாயை அகலப்படுத்துவதும், மதகை மாற்றுவதும், கரையை அரிப்பிலிருந்து காப்பதும், கழிவுநீருக்குக் குழாய் போடுவதும் எந்தச் சிரமதானத்தாலும் ஆகாதவை. மண்வெட்டியோடு வந்த மக்களைக் காட்டித் தம் பொறுப்பைக் கழற்றிவிடும் வழக்கம் நம் நிருவாகத்துக்குப் புதிதும் அல்ல. ஆனால் அதே ஒழுங்கைதான் வீதி உயர்த்தப்படும்போது தடுக்கவும் வேண்டும்: புதிய கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் பழைய படையைப் பெயர்த்தெடுக்க வேண்டும், முடிந்த மட்டம் வாசற்படிக்குக் கீழே இருக்க வேண்டும், கானுக்கு முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒப்பந்தகாரர் வரும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஒப்பந்தகாரருடைய கலவை இயந்திரம் சுழலத் தொடங்கிய பிறகு கேட்பவரை யாரும் கேட்பதில்லை.

அத்தகைய நிபந்தனையைக் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும்; ஆதாரம் வெகு மலிவானது. ஒழுங்கையின் மேல் முனையிலும் நடுவிலும் கீழ் முனையிலும் மூன்று மதில்களில் அங்குலக் கோடுகள் வரைந்து, நீர் ஏறிய ஒவ்வொரு முறையும் திகதியையும், எத்தனை அங்குலம் என்பதையும், வடிய எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதையும் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தால் போதும். புரட்டாதியில் கான் துப்புரவு முடிந்ததும் அந்தக் கோடுகளுக்குப் புதிதாக வண்ணம் பூச வேண்டும், ஏனென்றால் சென்ற மாரியின் பாசி அவற்றை மூடியிருக்கும்.